இரட்டை வேகத்தில் உன்னைக் கேட்டேன்

மச்சான்,

இன்று காலை கடைக்கு ஒரு புதுப் போன் வந்தது. கம்பனிக்காரர் காட்சிக்கு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. புதுக் காகிதமும் பசையும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. நீ எப்போதும் போனைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைத்தான் மோந்து பார்ப்பாய். "மொதல்ல மூக்குக்குக் குடுக்கணும் மச்சான், கண்ணுக்கெல்லாம் அப்புறம்" என்பாய். பழக்கதோஷத்தில் பெட்டியைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நீட்டிவிட்டேன். அங்கே யாரோ ஒருவர் சார்ஜர் வயரை இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வாங்கச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

நீ போய் ஒன்பது மாதமாகிறது. இந்த ஒன்பது மாதத்தில் போன் உலகத்தில் நடந்த எதையும் நான் உன்னிடம் சொல்லவில்லை. கொஞ்சமா நடந்தது? கம்பனிகள் போட்டி போட்டுக்கொண்டு போனை இன்னும் மெல்லிசாக்கினார்கள். மூன்றாக மடிகிற ஒன்று வந்திருக்கிறது. பெட்டரியில் புதுச் சரக்கு ஏதோ சேர்த்து, அதே கனத்தில் இரண்டு நாள் ஓடும்படி செய்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்ல ஆளில்லாமல் எல்லாவற்றையும் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இன்று வந்த போனைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

இதன் பெரிய பெருமை கேமரா இல்லை. யாராவது நீளமாக ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை நாம் கேட்க வேண்டியதே இல்லையாம். போனே கேட்டுவிட்டு மூன்று வரியில் எழுதித் தந்துவிடுமாம். இல்லை, நான் கேட்டே தீருவேன் என்று அடம்பிடித்தால், பேசுகிறவர் பேசாமல் நிறுத்துகிற இடங்களை எல்லாம் வெட்டி ஒட்டிச் சுருக்கித் தருமாம். தமிழிலும் செய்யுமாம். "நேரம் எவ்வளவு மிச்சம் பாருங்க அண்ணே" என்றார் கம்பனிக்காரர். போன வருடமாக இருந்தால் நான் துள்ளிக் குதித்திருப்பேன். அவர் படி இறங்குவதற்கு முன்பே கடைக் குரூப்பில் போட்டிருப்பேன். இன்று போனைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. தெரியப்படுத்தத்தான் இந்தக் கடிதம்.

நீ முதன்முதலில் பதுளையில் என் கடைக்கு வந்தது சண்டை பிடிக்க. பதினைந்து வருடம் இருக்கும். மடுல்சீமையில் இருந்து தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவன் என்று சொல்லி, ஈரமான பிளாஸ்டிக் சொப்பின் பேக்கில் சுற்றிய ஒரு போனைக் கவுண்டரில் வைத்தாய்.

"மொதலாளி, பெட்டியில தண்ணி படலாம்னு போட்டிருக்கு. ஒரு நாள் மழைக்குத் தாங்கல."

"தெறிக்கலாம்னுதான் போட்டிருக்கு. நனைக்கலாம்னு போடல" என்றேன்.

"அப்ப அது எந்த ஊரு தண்ணிங்க? நம்ம ஊர்ல தெறிக்கிற மழையே இல்லியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தோற்றுவிட்டேன். அன்று ஒரு மணி நேரம் நின்றாய். போனைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு உனக்கும் தெரிந்திருந்தது. தெரியாததை ஒத்துக்கொள்ளாத குணமும் என்னைப் போலவே இருந்தது. மூன்றாவது தடவை வந்தபோது 'மொதலாளி' போய் 'மச்சான்' வந்தது. பிறகு கோபம் வந்தால் மட்டும் திரும்பவும் மொதலாளி ஆவேன்.

போனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அதை வெளிச்சமான மேசையில் வைத்துத்தான் பார்ப்பார்கள். நீ அப்படியில்லை. கொழுந்து பறித்துப் பறித்துக் கறையேறி, ரேகை தேய்ந்த விரலை இது அடையாளம் காணுமா என்பது உன் முதல் கேள்வி. உன் மனைவியின் கட்டைவிரலை ஏற்காத போனை, அது எத்தனை பேர் புகழ்ந்த போனாக இருந்தாலும், "இது தொரமாருக்குச் செஞ்ச போன்" என்று தள்ளிவிடுவாய். பனிமூட்டத்தில் ஆள் முகம் தெரிகிறதா, லொறி குலுக்கலில் கீழே விழுந்து எழும்புகிறதா, மழையில் நனைந்த விரலுக்கு மசிகிறதா என்பதெல்லாம் பிறகு. நான் விலாவாரியாகப் படித்துவிட்டுச் சொன்னதை நீ ஒரு நாள் மலையில் வைத்துப் பார்த்துப் பொய் என்று நிரூபிப்பாய். அந்த எரிச்சலுக்காகவே உனக்கு ஒவ்வொரு புதுப் போனையும் ஒரு நாள் இரவல் தந்தேன்.

மடிக்கிற போன் வந்தபோது, "மடிச்சி வைக்க இதென்னா வேட்டியா?" என்றாய். படத்தில் தேவையில்லாத ஆட்களைத் துடைத்துவிடலாம் என்று நான் பெருமையாகச் சொன்ன அன்று நீ சொன்னதை இன்னமும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைக்கிறேன். "எங்க லயத்துல கல்யாணப் போட்டோவுல யாரு விட்டுப்போச்சுன்னுதான் வருசக் கணக்கா சண்ட. இவன் என்னடான்னா இருக்கிறவங்கள அழிக்க மெசின் செஞ்சிருக்கான்." ஏழு வருடத்துக்கு அப்டேட் தருகிறோம் என்று ஒரு கம்பனி அறிவித்தபோது நீ விரல்விட்டு எண்ணிப் பார்த்தாய். "ஏழு வருசத்துல எனக்கு அம்பத்திரண்டு. அதுவரைக்கும் இதே போனா? சலிச்சிராதா மச்சான்?" அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். ஐம்பத்திரண்டு வயது உனக்கு வராமல் போகலாம் என்று நம் இருவருக்கும் தோன்றவேயில்லை.

ஒரே ஒரு செய்திக்கு மட்டும் நீ கிண்டல் செய்யவில்லை. டவர் இல்லாத இடத்திலும் வானத்தில் இருந்து நேராகப் போனுக்கு சிக்னல் வரும் என்ற செய்தி. நான் படித்துச் சொல்ல, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாய். "உண்மையா வருமா?" என்று இரண்டு தடவை கேட்டாய். பிறகு, "வந்தா எனக்கு வேல போயிரும்" என்றாய்.

உன் அந்த வேலையை நான் ஒரு நாள் நேரில் வந்து பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் தோட்டத்தில் நீங்கள் குடியிருக்கும் லயத்திலும் சிக்னல் இல்லை, கொழுந்து மலையிலும் இல்லை. ஃபெக்டரிக்குப் போகும் பாதையில் மேலே உள்ள பெரிய வளைவுக்குப் போனால்தான் கிடைக்கும். அதனால் பெண்கள் மலையில் நின்றபடியே கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வெளிநாட்டுக்குப் போன தங்கச்சிமாருக்கும் வொய்ஸ் பேசி வைப்பார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது போன்களை எல்லாம் ஒரு பெரிய சொப்பின் பேக்கில் போட்டு உன்னிடம் தருவார்கள். நீ வளைவில் லொறியை ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிற்பாய். மலையில் பேசியதெல்லாம் அப்போதுதான் போகும். வர வேண்டியதெல்லாம் அப்போதுதான் வந்து விழும். பக்கத்து சீட்டில் பை முழுவதும் கீச்சுக் கீச்சென்று கத்தும். அடுத்த நடையில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பாய். உன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "டவர் அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். யாருடைய போனையும் நீ திறந்து பார்த்ததில்லை. ஒரு போன் தொடர்ந்து மூன்று நாள் சத்தமில்லாமல் இருந்தால் மட்டும், திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெண்ணிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவாய்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் எனக்கும் வொய்ஸ் அனுப்புவாய். நான் வெள்ளிக்கிழமை தோறும் கடைக் குரூப்பில் போன் செய்தி சொல்வேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டேன், எனக்கு அதில் ஒரு கர்வம். மதியத்துக்கு முன்னால் உன் மறுப்பு வந்துவிடும். குரூப்பில் போட மாட்டாய், எனக்குத் தனியாக அனுப்புவாய். நாலு பேர் பார்க்க என் மானத்தை வாங்கக்கூடாது என்று. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். பின்னால் லொறிக் கூரையில் மழை விழும் சத்தம், பைக்குள் போன்கள் கத்தும் சத்தம். வெள்ளிக்கிழமை மறுப்பு போக மற்ற நாட்களிலும் ஏதாவது சாக்கில் வரும்.

நான் கடைக்காரன் மச்சான். கவுண்டரில் நாலு பேர் நிற்பார்கள். முதலில் உன் வொய்ஸை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். அது பழகியதும் இரண்டு மடங்கு. பிறகு அந்த வேகத்தை நான் மாற்றவேயில்லை. உன்னுடையதை மட்டுமல்ல, எல்லாரையும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் எல்லாரும் உன்னைப் போல என்னிடம் தினமும் பேசவில்லை. வருகிறவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். "இந்த இடத்த ஒரு தட்டுத் தட்டுங்க, பாதி நேரம் மிச்சம்" என்பேன், ஏதோ நானே கண்டுபிடித்தது மாதிரி.

ஒரு நாள் நீ கடைக்குள் வரும்போது, காலையில் நீ அனுப்பியதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"யார்ரா இது, இவ்வளவு அவசரமா பேசுறது? பஸ்ஸ விட்டுட்டானா?"

"நீதான்டா" என்றேன்.

நின்று கேட்டாய். விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடிந்ததும் கவுண்டரில் கையூன்றிக்கொண்டு கேட்டாய். "நான் ஆறு நிமிசம் பேசுனா நீ மூணு நிமிசந்தான் கேக்குற. மிச்ச மூணு நிமிசம் எங்க மச்சான் போகுது?"

"கடையில ஆள் நிக்குது" என்றேன்.

"சரிங்க மொதலாளி" என்றாய். கோபமா, கிண்டலா என்று பிரித்தறிய முடியவில்லை. கிண்டல் என்று எடுத்துக்கொண்டேன், அதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

உன் கடைசி மாதத்தில் வொய்ஸ் நீள ஆரம்பித்தது. எட்டு நிமிடம். ஒன்பது நிமிடம். ஒன்று பதினொரு நிமிடம் இருந்தது. என் காதுக்கு நீ எப்போதும் போலத்தான் பேசினாய். சொன்னதும் புதிதாக ஒன்றுமில்லை. பெட்டரியைப் பற்றி, மெல்லிசுப் போனைப் பற்றி, தோட்டத்துக்கு யாரோ வந்து டவர் போட இடம் பார்த்துவிட்டுப் போனதைப் பற்றி. இவனுக்கு வரவர வாய் கூடிவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பதினொரு நிமிட வொய்ஸ் வந்த அன்று கடையில் கூட்டம். உனக்கு எழுதி அனுப்பினேன், 'சுருக்கமா அனுப்பு மச்சான், வேலையில இருக்கேன்' என்று. பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் போட்டேன்.

நீ சொன்னபடி செய்தாய். அடுத்த நாள் வந்தது நாற்பது விநாடி. "மச்சான், அந்த மெல்லிசுப் போன் வேணாம். பெட்டரி காணாது. நம்ம ஆளுகளுக்குச் சொல்லிராத. மத்ததெல்லாம் நேர்ல பேசுவோம்." இருபது விநாடியில் கேட்டு முடித்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அடையாளத்தை அனுப்பிவிட்டு, அடுத்த ஆளுக்கு சிம் போட்டுக் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து உன் மகள் போன் பண்ணினாள். "மாமா, அப்பாவ பதுள பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வாறோம். மடுவத்துல லொறிய நிப்பாட்டிட்டு எறங்குனாரு, அப்புடியே உக்காந்துட்டாரு." கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். எனக்குப் பிறகுதான் உன்னை ஏற்றிய வண்டி வந்தது. வழியில் பசறை தாண்டும்போதே நீ போய்விட்டிருந்தாய். அந்தப் பாதையில் ஆயிரம் தடவை ஓட்டியவன், பின் சீட்டில் உன் மனைவியின் மடியில் தலை வைத்தபடி வந்து சேர்ந்தாய்.

டாக்டர் எங்களை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். இருதயம் கொஞ்ச நாளாகவே தளர்ந்து வந்திருக்கிறது, நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறது என்றார். "ஒரு மாசமாவது மூச்சு வாங்கியிருக்கணுமே. பேசும்போது தெரிஞ்சிருக்குமே. யாரும் கவனிக்கலியா?" உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டு அழுதார். நான்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "இல்ல டாக்டர், எங்கூட தினமும் பேசுவான். நல்லாத்தான் பேசுனான்" என்றேன். உறுதியாகச் சொன்னேன் மச்சான். உனக்காகச் சாட்சி சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று சொன்னேன்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்திருந்தேன். சாப்பாடு முடிந்து வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு, லயத்துக் காம்பராவில் உன் மனைவியும் மகளும் நானும்தான் இருந்தோம். உன் மகள் கேட்டாள். "மாமா, அப்பா ஒங்களுக்கு அனுப்புன வொய்ஸ் எல்லாம் இருக்குந்தானே? எங்களுக்கு அவரு வொய்ஸ் அனுப்புனதே இல்ல, வீட்டுலயே இருந்தாரே. அம்மாவுக்கு ஒருக்காக் கேக்கணுமாம்."

எனக்கு சந்தோஷமாக இருந்தது. அவர்களுக்கு என்னால் கொடுக்க முடிந்த ஒன்று அதுதான். இருப்பதில் நீளமானதைத் தேடி எடுத்தேன், நிறைய நேரம் கேட்கட்டும் என்று. பதினொரு நிமிடம். அமர்த்தி ஓடவிட்டேன்.

"மாமா, அப்பா இப்படிப் பேச மாட்டாரே" என்றாள் உன் மகள்.

வேகத்தைக் குறைக்க மறந்துபோயிருந்தேன். ஒற்றை வேகத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி முதலில் இருந்து போட்டேன்.

"மச்சான்" என்றாய். பிறகு நீ பேசவில்லை. லொறிக் கூரையில் மழை விழுந்தது. மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "இந்தப் போன்ல" என்றாய். மறுபடி மழை, மறுபடி மூச்சு. கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்து இறக்கியவன் எப்படி மூச்சு விடுவானோ அப்படி விட்டாய். "பெட்டரி" என்றாய். ஒரு வாக்கியத்தை முடிக்க உனக்கு நாலு மூச்சு வேண்டியிருந்தது. பதினொரு நிமிடத்தில் நீ பேசியது நாலு நிமிடம் கூட இருக்காது. மீதியெல்லாம் மூச்சு. இரட்டை வேகத்தில் அந்த இடைவெளிகள் எல்லாம் பாதியாகச் சுருங்கி, கடைச் சத்தத்தில் அந்த மூச்சும் அமுங்கி, நீ நன்றாகப் பேசுகிறவனாக எனக்குக் கேட்டிருக்கிறாய். நீ வாயாடியாகவில்லை. உனக்கு மூச்சு போதவில்லை.

நிறுத்தவும் முடியவில்லை. பதினொரு நிமிடத்தையும் மூன்று பேரும் கேட்டோம். முடிந்ததும் உன் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எங்கிட்ட அந்த மாசம் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல அண்ணே. பனிக்கு சளி கட்டியிருக்குன்னாரு. வந்தா படுத்துக்குவாரு. ஒங்ககிட்ட இம்புட்டு நேரம் பேசியிருக்காரு. இப்புடி மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்குப் போடான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலியா அண்ணே?"

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அது இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியாமப் போச்சு தங்கச்சி" என்றேன்.

வேகம் என்றால் என்ன, நான் எப்படிக் கேட்டேன் என்பதெல்லாம் உன் மனைவிக்குத் தெரியாது. உன் மகளுக்குத் தெரியும். என் கையில் இருந்த போனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுவந்து விடும்போது அவளே சொன்னாள். "டாக்டர் பாத்தா லொறி ஓட்ட விட மாட்டாங்கன்னு அப்பாவுக்குப் பயம் மாமா. அதான் யாருகிட்டயும் சொல்லல. நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க." இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, அப்பனை இழந்து பதினாறு நாள், எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினேன். நமுனுகுல மலை தெரிகிற இடம் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் சொன்னது சரிதான், நீ யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் பேசாமல் இருந்து மறைத்தாய். என்னிடம் நீ மறைக்கவில்லையே மச்சான். ஒரு வார்த்தை பேசவே அவ்வளவு கஷ்டப்பட்ட மனிதன், தினமும் லொறியை ஓரங்கட்டி, எட்டு நிமிடம், ஒன்பது நிமிடம் என்னிடம் பேசியிருக்கிறாய். எழுதி அனுப்பியிருக்கலாம். உனக்கு என்னைவிட வேகமாக எழுத வரும். இவன் நம்மைத் தெரிந்தவன், இவன் கண்டுபிடிப்பான், 'என்னடா உனக்கு' என்று இவனாகவே கேட்பான் என்று எதிர்பார்த்தாயா? அல்லது சும்மா, பழக்கத்தில்தான் பேசினாயா? இந்த ஒன்பது மாதமாக இதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எதுவாக இருந்தாலும் நான் உனக்கு எழுதிய பதில் ஒன்றுதான். சுருக்கமா அனுப்பு.

அந்த நாற்பது விநாடியையும் பிறகு ஒற்றை வேகத்தில் வைத்துக் கேட்டேன். அதில் உனக்கு மூச்சு வாங்கவேயில்லை. முதலில் அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. எத்தனை தடவை பேசி, அழித்து, திரும்பப் பேசி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் முடிக்கப் பழகி அதை அனுப்பினாயோ. கடைக்காரனுக்கு நேரம் இல்லை என்று.

இப்போது எனக்கு ஒரு வியாதி வந்திருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் பேசினால் என்ன பேசுகிறார்கள் என்பதை விட்டுவிட்டு மூச்சைக் கேட்கிறேன். போன மாதம் ஒரு பெரியவர், ஏதோ தோட்டத்தில் இருந்து வந்தவர், சார்ஜர் கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தினார். நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். "அட விடுங்க மொதலாளி, பஸ் ஸ்டாண்டுல இருந்து மேடேறி வந்தா ஒங்களுக்கும்தான் மூச்சு வாங்கும். சார்ஜர் இருக்கா இல்லியா?" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்திருப்பாய்.

நாளை வெள்ளிக்கிழமை. குரூப்பில் இந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வேன். கேமரா பரவாயில்லை. திரை மழையிலும் வேலை செய்கிறது, நானே குழாயடியில் வைத்துப் பார்த்தேன். பெட்டரி உனக்குப் பிடித்திருக்கும். வொய்ஸைச் சுருக்குகிற அந்த வசதியையும் சொல்வேன், மறைக்க மாட்டேன். அதை எப்படி நிறுத்தி வைப்பது என்பதையும் கூடவே சொல்வேன். அதற்கு இரண்டு நிமிடம் போதாது. போதாவிட்டால் போகட்டும்.

உன் போன் இப்போது உன் மகளிடம் இருக்கிறது. வளைவுக்கு மேலே உள்ள பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள், உனக்குத் தெரிந்ததுதானே. புது லொறிக்காரர் வளைவில் நிறுத்துவதில்லையாம், அவருக்கு நேரமில்லையாம். அதனால் அந்தச் சொப்பின் பேக்கை இப்போது அவள்தான் காலையில் தூக்கிக்கொண்டு ஏறுகிறாள். வாரத்தில் இரண்டு தடவை எனக்கு வொய்ஸ் அனுப்புவாள், உன்னைப் போலவே நீளமாக. போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்று வந்தது. ஆறு நிமிடம். ஒற்றை வேகத்தில் வைத்துக் கேட்டேன். உன் மனைவிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்றாள். டவர் இன்னும் வரவில்லை என்றாள். பிறகு நடுவில் ஒரு இடத்தில் பேச்சு நின்றது. மூச்சு கேட்டது. "மாமா" என்றாள், மறுபடி நின்றாள்.

மிச்சத்தைக் கேட்காமல் அவளுக்கு போன் போட்டேன்.

"என்னம்மா, மூச்சு வாங்குது?"

"மேடேறிக்கிட்டே பேசுனேன் மாமா, அதான்" என்று சிரித்தாள். சிரிக்கும்போதும் மூச்சு வாங்கியது. "வளைவு தாண்டிட்டேன், இன்னும் பாடசால வரைக்கும் ஏறணும். பை வேற பாரம். மேல போயிட்டு எடுக்கவா?"

"வேணாம்" என்றேன். "வைக்காத. ஏறு. நான் இருக்கேன்."

"பேசாம சும்மா இருக்கப் போறீங்களா?"

"ஆமா."

அவளுக்கு அது விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். போனைக் கையில் வைத்தபடியே ஏறினாள். செருப்பு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. பைக்குள் போன்கள் ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டே வந்தன. நான் கடைக் கதவைத் திறக்காமல், வாசலில் நின்றவர்களைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, உன் மகள் மேலே போய்ச் சேர்ந்து மூச்சு சீராகும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.